வேறும் எதிரும்

தமிழ்ப் பாடநூல்களின் பயிற்சிப் பகுதியைப் புரட்டினால் 'எதிர்ச்சொல் எழுதுக' என்னும் வினாவைக் காணலாம். பகலுக்கு எதிர் இரவு. உண்மைக்கு எதிர் பொய். நண்பனுக்கு எதிர் பகைவன். நன்னீருக்கு எதிர் உவர்நீர். வலிக்கு எதிர் சுகம். இரு சொற்களுக்கும் நடுவே ஒரு பெருக்கற் குறி. பிள்ளைகள் ஒப்புவிக்கிறார்கள், மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். இதில் குறைகாண என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வினவலாம்.

குறை அந்தக் குறியில்தான் இருக்கிறது. மேலே காட்டிய ஐந்து இணைகளிலும் இரு சொற்களுக்கிடையே உள்ள உறவு ஒரே வகையானதன்று. ஐந்துக்கும் ஒரே குறியை இடும்போது, 'வேறு' என்பதும் 'எதிர்' என்பதும் ஒன்றே என்னும் எண்ணம் இளமையிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. பிள்ளை வளர்ந்த பின்னர் அந்த எண்ணம் ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. மருத்துவமனையிலும், நீதிமன்றத்திலும், பெண் பார்க்கும் வீட்டிலும், செய்தித்தாளிலும் அது வேலை செய்கிறது.

இக்கட்டுரையில் நாம் சொல்ல எடுத்துக்கொண்டது ஒன்றே. ஒன்றை மற்றொன்றுக்கு எதிர் என்று சொல்லுமுன், அது எவ்வகையில் எதிர் என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கும் முறையைத் தமிழ் இலக்கணமும் அரபு மன்திக் கலையும் நமக்குக் கற்றுத் தந்துள்ளன. கேளாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் செங்கல்பட்டு மண்ணிலேயே சான்று உண்டு.

முதலில் தமிழை நோக்குவோம். வடசொற்களின் முன்னே வரும் 'அ' என்னும் எதிர்மறை எழுத்து மூன்று பொருள்களில் வரும் என்று இலக்கண ஆசிரியர்கள் பிரித்துக் காட்டினர். ஒன்று இன்மை, அரூபம் என்றால் உருவம் இல்லாதது. மற்றொன்று அன்மை, அப்பிராமணன் என்றால் பிராமணன் அல்லாத வேறொருவன் என்பது பழைய எடுத்துக்காட்டு. மூன்றாவது மறுதலை, அநீதி என்றால் நீதி இல்லாத வெற்றிடம் அன்று, நீதிக்கு மாறாக நின்று செயற்படும் கொடுமை. இல்லாமை வேறு, அல்லாமை வேறு, மாறாக நிற்றல் வேறு. ஓரெழுத்து முன்னொட்டுக்கு இத்தனை நுட்பம் எதற்கு என்று அவர்கள் கருதவில்லை.

தமிழுக்கோ இந்த நுட்பம் இயல்பாகவே அமைந்தது. இன்மையைச் சொல்ல 'இல்லை' என்னும் சொல்லும், அன்மையைச் சொல்ல 'அன்று', 'அல்ல' என்னும் சொற்களும் தனித்தனியே உள்ளன. 'கடையில் அரிசி இல்லை' என்பது இன்மை. 'இது அரிசி அன்று, நொய்' என்பது அன்மை. இக்காலத்து உரைநடையிலோ 'இது சரி இல்லை', 'அவர் தலைவர் இல்லை' என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை'யே வந்து நிற்கிறது. பேச்சில் இது பொறுக்கத்தக்கதே. ஆயின் எழுத்திலும் அன்மைச் சொல் மறையுமானால், 'வேறு' என்று சொல்வதற்கு வைத்திருந்த கருவியையே நாம் கைநழுவ விடுகிறோம்.

மற்றொரு சொல்லையும் ஈண்டு ஆராய்தல் தகும். எதிர்மறை என்பதற்கு இணையாக 'நேர்மறை' என்று இப்போது எல்லோரும் எழுதுகின்றனர். 'மறை' என்பதே இலக்கணத்தில் மறுத்தலைக் குறிக்கும். எதிர்மறைக்கு இணையாகப் பழைய நூல்கள் வைத்த சொல் 'உடன்பாடு'. 'எதிர்' என்பதை எடுத்துவிட்டு 'நேர்' என்பதைப் பொருத்தினால் பொருளும் நேராகிவிடும் என்று கருதியவர்களின் ஆக்கமே நேர்மறை. அச்சொல் வழக்கில் ஊன்றிவிட்டது. அதனை இனி விலக்குதல் எளிதன்று. எனினும் எதிர்ச்சொல் பயிற்சி நம்மை எவ்வாறு பழக்கியிருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, பரிசோதனை முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்ததைக் கேட்டு நற்செய்தி என மகிழ்ந்து, பிறகு திடுக்கிட்டவர்கள் உண்டு. தேடிய கிருமி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். இருத்தலும் இன்மையும் பற்றிய செய்தியை நன்மையும் தீமையும் பற்றிய செய்தியாகக் கேட்டதால் வந்த குழப்பம் அது.

இனி அரபு மரபுக்கு வருவோம். மதரஸாக்களில் மன்திக் பயிலும் மாணவர் 'ஈஸாகூஜி' என்னும் சிறு நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அதீருத்தீன் அல்அப்ஹரீ இயற்றிய அந்நூலின் பெயரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதிலிருந்து மேல்வகுப்பு ஹிக்மத் நூல்கள்வரை படித்து வருவோர், எதிர்நிலை நான்கு வகைப்படும் என்று கற்கின்றனர்.

முதல் வகை நகீள். ஒன்று இருந்தால் மற்றது இராது. ஒன்று இல்லையெனில் மற்றது இருந்தே தீரும். இரண்டும் சேர்ந்திருத்தலும் இயலாது. இரண்டும் சேர்ந்து நீங்குதலும் இயலாது. உண்டு, இல்லை என்பன அத்தகையவை. இரண்டாம் வகை ளித்து. கறுப்பும் வெள்ளையும் ஓரிடத்தில் சேர்ந்திரா. ஆனால் இரண்டும் இல்லாமல் பச்சையோ சிவப்போ இருக்கலாம். மூன்றாம் வகை, ஒன்றையொன்று சார்ந்து பொருள்படுவன. தந்தை, மகன் என்பன போல. மகன் இல்லாமல் ஒருவர் தந்தை ஆவதில்லை. நான்காம் வகை, இருக்க வேண்டிய ஆற்றலும் அதன் இழப்பும். பார்வையும் குருடும் போல. கல்லுக்கும் பார்வை இல்லை. ஆனால் கல்லைக் குருடு என்று எவரும் சொல்வதில்லை. பார்க்க வேண்டிய கண் பாராதிருந்தால்தான் அது குருடு.

இந்நான்கனுள் முதல் இரண்டையும் மயங்கவிடுவதே பெரும்பாலான தவறுகளுக்கு வேர். இதை உணர நூலைத் தேடிப் போக வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக் கழிமுகத்தைப் பார்த்தால் போதும். மழைக்காலத்தில் உள்ளிருந்து வரும் நன்னீரும், கழிமுகம் திறந்திருக்கும்போது புகும் கடல்நீரும் அங்கே கலக்கின்றன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். நன்னீரில் அது அரைக் கிராமுக்கும் குறைவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீர் நன்னீரும் அன்று, கடல்நீரும் அன்று. ஆயினும் அது குறைபட்ட நீரன்று. இறாலும் கொடுவாவும் அதில் செழித்து வளர்கின்றன. இடைப்பட்ட இந்நீரில் மீன் வளர்ப்பதை ஆராய்வதற்கென்றே மைய அரசின் நிலையம் ஒன்று முட்டுக்காட்டில் இயங்குகிறது. நன்னீரும் கடல்நீரும் நகீள் என்று கருதியிருந்தால், இந்த மூன்றாம் நீருக்கென ஓர் ஆராய்ச்சியே தோன்றியிராது.

இத்தெளிவு தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. திருவள்ளுவர் நட்பைப் பற்றிப் பாடிய பின்னர் நேரே பகைக்குத் தாவவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை என்று அதிகாரங்களை அமைத்தவர், அடுத்துத் தீ நட்பு என்றும் கூடா நட்பு என்றும் இரண்டு அதிகாரங்களை வைக்கிறார். பிறகு இகல், பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல் என்று சென்று, உட்பகை என்று ஒன்றையும் தனியே பிரிக்கிறார். நண்பனுக்கு எதிர்ச்சொல் பகைவன் என்று எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். வள்ளுவரிடம் அவன் விடை கால்பங்குதான் சரி. நண்பனைப் போல் தோன்றிக் கெடுப்பவன், உடனிருந்தே அரிப்பவன், வெளிப்படையாக மோதுபவன், இவர்கள் எல்லோரும் 'நண்பன் அல்லாதவர்'. ஆயின் ஒருவர்க்குச் சொல்லும் மருந்து மற்றவர்க்குப் பொருந்தாது. அவ்வாறே அறிவுடைமைக்கு மறுதலையாக 'அறிவின்மை' என்று ஓர் அதிகாரம் வைக்காமல், பேதைமை என்றும் புல்லறிவாண்மை என்றும் இரண்டு வைத்தார். அறியாதவன் வேறு, சிற்றறிவை வைத்துக்கொண்டு தன்னைப் பேரறிவாளனாக எண்ணுபவன் வேறு. இந்த அதிகார வைப்பை வெறும் எண்ணிக்கையாகக் கருதிக் கடந்து செல்லும் உரைகளில் நமக்கு நிறைவில்லை.

அரபு மொழியில் இன்னொரு வியப்பும் உண்டு. ஒரே சொல் தன் எதிர்ப்பொருளையும் தானே தாங்கி நிற்கும். இத்தகைய சொற்களுக்கு 'அள்தாத்' என்று பெயர். 'ஜவ்ன்' என்றால் கறுப்பு. வெள்ளை என்றும் பொருள். ஹிஜ்ரி 328-இல் மறைந்த இப்னுல் அன்பாரீ இச்சொற்களைத் தொகுத்துத் தனி நூலே செய்தார். எதிரெதிரான பொருள்களுக்கு ஒரே சொல்லை ஆள்வது அறிவீனம் என்று அரபியரை இகழ்ந்தவர்களுக்கு அவர் தந்த விடையின் சாரம், சொல் தனித்து நிற்பதில்லை, முன்னும் பின்னும் வரும் பேச்சே அதன் பொருளை உறுதிசெய்யும் என்பதாகும். தமிழிலும் 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்து, இன்று தீய மணத்தைக் குறிக்கிறது. பழைய செய்யுளில் மலரின் நாற்றம் என்று வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்பவர் எவருமில்லை.

அள்தாத் சொற்களுள் 'குர்உ' என்பது நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. மணவிலக்குப் பெற்ற பெண் காத்திருக்க வேண்டிய இத்தா காலத்தைத் திருக்குர்ஆனின் 'அல்பகரா' அத்தியாயம் மூன்று குர்உ என்று வரையறுக்கிறது. அச்சொல் மாதவிடாயையும் குறிக்கும். இரு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட தூய்மையையும் குறிக்கும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் முதற்பொருளைக் கொண்டார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இரண்டாம் பொருளைக் கொண்டார்கள். தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீ மத்ஹபும் மிகுதி. ஆகவே நாளைக் கணக்கிடும் முறை ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. சொல்லின் இரு பொருள்களும் எதிரெதிரானவை. அவற்றைக் கொண்டவர்கள் எதிரிகள் அல்லர். ஒரு மத்ஹபினர் வீட்டில் மற்ற மத்ஹபினர் பெண் கொள்கிறார்கள், கொடுக்கிறார்கள். கருத்தில் வேறுபட்டவரை மறுதலையாக எண்ணாமல் வாழ்ந்த இந்தப் பழக்கம், இன்றைய மேடைகளில் முழங்குவோர் கற்க வேண்டிய ஒன்றாகும்.

இதுவரை சொல்லின் நுட்பத்தைக் கண்டோம். இனி அந்நுட்பம் தவறினால் மனிதர் படும் பாட்டைக் காண்போம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயர் இல்லம் ஒன்று தோன்றியது. 1955-இல் இந்திய அரசு அதனை ஏற்று, தொழுநோய்க்கான மையப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக ஆக்கியது. இந்நோயைப் பற்றி உலகம் கற்றவற்றுள் சில, இம்மண்ணோடு தொடர்புடையவை.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். அரபு மொழி இரண்டு நோய்களைத் தெளிவாகப் பிரிக்கிறது. தொழுநோய்க்கு 'ஜுதாம்' என்று பெயர். தோலின் நிறம் இழந்து வெண்மையாதலுக்கு 'பரஸ்' என்று பெயர். ஈஸா நபி (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அனுமதியால் குணப்படுத்தியவர்களைக் கூறுமிடத்துத் திருக்குர்ஆன் ஆளும் சொல் 'அப்ரஸ்'. அது பரஸ் உடையவரைக் குறிக்கும். தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அங்கே 'வெண்குஷ்டம்' என்ற சொல்லையே காண்கிறோம். மொழிபெயர்த்த பெரியோர்கள் தம் காலத்து வழக்கில் இருந்த சொல்லை எடுத்தாண்டார்கள். அவர்கள் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அச்சொல் செய்யும் தீங்கைச் சொல்லாமலும் இருத்தல் ஆகாது. நிறமிழந்த தோல், நிறமியை உண்டாக்கும் அணுக்கள் அழிவதால் வருவது. அதற்குக் கிருமி காரணமன்று; அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது; உணர்ச்சியும் மழுங்காது. தொழுநோயோ கிருமியால் வருவது. அக்கிருமியை 1873-இல் நார்வே நாட்டின் ஹான்சன் கண்டறிந்தார். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மழுங்கியிருக்கும். இவ்விரண்டும் உறவே இல்லாதவை. ஒன்றுக்கு மற்றதன் பெயரை அடைமொழியோடு சூட்டியதால், குற்றமற்ற வெண்புள்ளி ஒரு பெண்ணின் திருமணத்தையே தடுத்து நிறுத்தும் சுவராயிற்று. 'வெண்புள்ளி' என்னும் நல்ல சொல் இப்போது தமிழில் வழங்கி வருகிறது. புதிய பதிப்புகளில் அதனை ஏற்றல் வேண்டும் என்பது நம் விண்ணப்பம்.

இத்தகைய மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மருத்துவர்கள் 'லெப்ரா' என்று சொன்னது செதில் உதிரும் தோல் நோய்களை. தொழுநோயை அவர்கள் 'எலிஃபன்டியாசிஸ்' என்றார்கள். ஹீப்ரு வேதத்தில் தோலின் தீட்டைக் குறித்த சொல் கிரேக்கத்தில் லெப்ரா ஆயிற்று. இடைக்காலத்தில் அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனுக்குச் சென்றபோது ஜுதாமும் லெப்ரா ஆயிற்று. வேறு வேறான மூன்று ஒரே பெயரின் கீழ் வந்து சேர்ந்தன. வேதத்தின் தீட்டு நோயாளியின் தலையில் ஏறியதற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். இங்கே குற்றம் எதிர் வகுத்ததில் இல்லை. வேறு என்று பிரிக்காததில் இருக்கிறது. பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்காமையும், பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்தலும் ஒரே நாணயத்தின் கேடுகள்.

அடுத்தது வலி. 1947-இல் வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அழைப்பின் பேரில் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு வந்தார். விரல்கள் மடங்கிப் பறவையின் கால்போல் ஆகிவிட்ட நோயாளியின் கையைப் பற்றியபோது, அக்கையின் பிடி வியக்கத்தக்க வலிமையோடு இருந்ததை உணர்ந்தார். தசைகள் செத்துவிடவில்லை என்றால், கை ஏன் அழிகிறது என்னும் வினா அவரைத் தொடர்ந்தது. பின்னர் அவரும் அவருடன் உழைத்தவர்களும் கண்டறிந்த உண்மை, விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை என்பதே. நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் அடுப்பின் சூடும், ஆணியின் கூர்மையும், செருப்பின் உராய்வும் தெரிவதில்லை. ஆறாத புண் மேலும் மேலும் காயப்பட்டுக் கை கால்கள் குறுகுகின்றன.

வலி × சுகம் என்று எழுதும் ஏட்டை இங்கே மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். வலியின்மை சுகம் என்றால், தொழுநோயாளியின் கையே உலகில் மிகச் சுகமான கை என்று சொல்ல வேண்டிவரும். கல்லுக்கு வலியில்லை; அது அதன் இயல்பு. கைக்கு வலியில்லை எனில் அது இழப்பு. மேலே சொன்ன நான்காம் வகை எதிர்நிலை, பார்வைக்கும் குருட்டுக்கும் உள்ள உறவு, இங்கே நம் கண்முன் நிற்கிறது. இதை அறிந்த பிறகுதான், கண்ணால் பார்த்துப் பார்த்துக் கைகால்களைக் காக்கும் பயிற்சியும், தகுந்த காலணியும், மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவையும் நோயாளிகளுக்குக் கிடைத்தன. எதிர்நிலையின் வகையைச் சரியாக அறிந்ததால் ஆயிரமாயிரம் கைகள் காப்பாற்றப்பட்டன.

மூன்றாவது, நோய்க்குள்ளேயே போடப்படும் கோடு. 1966-இல் ரிட்லி, ஜாப்ளிங் என்னும் இரு மருத்துவர்கள் தொழுநோயை ஐந்து நிலைகளாக வகுத்தனர். ஒரு முனையில் உடல் கிருமியை வலுவாக எதிர்க்கிறது, தேமல்கள் சில, கிருமிகள் அரிது. மறுமுனையில் எதிர்ப்பு இல்லை, கிருமிகள் எண்ணற்றவை. இடையே மூன்று படிகள். அவற்றில் நோயாளி இப்பக்கமோ அப்பக்கமோ நகரக்கூடும். இது ளித்து, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே நிறங்கள் இருப்பது போன்றது. ஆனால் கிராமத்துச் சுகாதார ஊழியர் எந்த மருந்தை எத்தனை மாதம் தருவது என்று முடிவு செய்தாக வேண்டும். ஆகவே உலகச் சுகாதார நிறுவனம் 1980-களில் நோயைக் கிருமி குறைந்தது, கிருமி மிகுந்தது என இரண்டாக்கியது. பின்னர் 1998-இல் ஐந்து தேமல்வரை முதல் வகை, அதற்கு மேல் இரண்டாம் வகை என எண்ணிக்கையால் கோடு போட்டது. முதல் வகைக்கு ஆறு மாதம், இரண்டாம் வகைக்குப் பன்னிரண்டு மாதம் கூட்டு மருந்து. ஐந்தாம் தேமலுக்கும் ஆறாம் தேமலுக்கும் நடுவே இயற்கை ஒரு வேலி கட்டவில்லை என்பதை அக்கோட்டைப் போட்டவர்கள் நன்கு அறிவார்கள். வேலைக்காகப் போட்ட கோடு அது. நல்ல அறிவியல் தான் போட்ட கோட்டைத் தானே போட்டது என்று நினைவில் வைத்திருக்கிறது. அந்நினைவு மறையும்போதே கோடு சுவராகிறது.

'இல்லை' என்னும் விடையை எப்படிப் படிப்பது என்பதற்கும் இம்மாவட்டம் பாடம் தந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருவள்ளூர்ப் பகுதியில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறியும் பெரும் ஆய்வு தொடங்கிற்று. ஏறக்குறைய 2,60,000 பேருக்கு மெய்யான ஊசியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. எவருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தைத் தடுப்பதில் இவ்வூசியால் காப்புக் கிடைக்கவில்லை என்பது முடிவு. 1999-இல் வெளிவந்த பதினைந்தாண்டுக் கணக்கும் அதையே உறுதி செய்தது. 'காக்கவில்லை' என்பது இன்மை. அதைக் 'கெடுக்கிறது' என்று மறுதலையாகப் படிப்பது பிழை. 'எவரையும் எதிலிருந்தும் காக்காது' என்று விரித்துப் படிப்பதும் பிழை. பச்சிளங் குழந்தைகளுக்கு மூளை உறையைத் தாக்கும் கொடிய காசத்திலிருந்து அவ்வூசி காப்புத் தருவதால், இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகின்றனர். ஆய்வு கேட்ட கேள்விக்கு மட்டுமே ஆய்வின் விடை பொருந்தும்.

மொழியின் தவறு சட்டத்திலும் நின்றது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம், மனைவி மணவிலக்குக் கோருவதற்குரிய காரணங்களுள் கணவனின் தொழுநோயையும் சேர்த்திருந்தது. பிற சமயத்தாரின் திருமணச் சட்டங்களிலும் அத்தகைய விதிகள் இருந்தன. மருந்தே இல்லாத காலத்தில் எழுந்த விதி அது. நோய் முற்றிலும் குணமாகும் காலம் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அச்சொல் ஏட்டை விட்டு அகலவில்லை. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயர் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. மணச்சட்டங்களிலிருந்து தொழுநோய் என்னும் காரணம் 2019-இல்தான் நீக்கப்பட்டது. நோயுடைமையும் நோயின்மையும் நகீள். ஒருவரிடம் நோய் நீங்கினால் அவர் நோயற்றவரே. ஆனால் சமுதாயம் 'தொழுநோயாளி' என்பதை ஒரு நிலையாகக் கொள்ளாமல் ஒரு திணையாகவே கொண்டது. நிலை மாறும், திணை மாறாது. குணமானவரும் அத்திணையிலேயே அடைபட்டார்.

'ஒழிப்பு' என்னும் சொல்லும் அவ்வாறே மயக்கிற்று. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் இருக்கும் நிலையை 2005 இறுதியில் இந்தியா எட்டியபோது, தொழுநோய் ஒழிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. வல்லுநர்கள் அதற்கு ஒரு கணக்கை வைத்திருந்தார்கள். மக்கள் 'இனி இல்லை' என்று கேட்டார்கள். குறைதல் வேறு, இன்மை வேறு. அதன் பின்னரும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டவரே. உணர்ச்சி மழுங்கிய தேமலைக் கண்டும், 'அந்த நோய்தான் ஒழிந்துவிட்டதே' என்று காலம் தாழ்த்துபவர் தம் விரல்களை இழக்கக்கூடும்.

இவ்வளவும் கேட்ட பின்னர் ஓர் ஐயம் எழக்கூடும். எல்லாவற்றுக்கும் இடைநிலை உண்டென்றால் உண்மைக்கும் பொய்க்கும், நீதிக்கும் அநீதிக்கும் கூட நடுவே நின்று நழுவிக்கொள்ளலாமே என்பது அந்த ஐயம். அன்று. நகீளாக உள்ளவற்றை நகீளாகவே கொள்ள வேண்டும். ஒருவர் ஒரு பொருளை எடுத்தாரா இல்லையா என்னும் வழக்கில் பாதி எடுத்தார் என்னும் தீர்ப்புக்கு இடமில்லை. நாம் வேண்டுவது கோடுகளை அழிப்பதன்று. ஒவ்வொரு கோட்டின் வகையையும் அறிவது. ஹலால், ஹராம் என்று இரண்டையே பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஃபிக்ஹ் கலையோ செயல்களைக் கட்டாயமானது, விரும்பத்தக்கது, ஆகுமானது, வெறுக்கத்தக்கது, விலக்கப்பட்டது என ஐந்தாக வகுத்தது. இவ்வகுப்பால் மார்க்கம் தளர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு செயலுக்கும் உரிய எடை தெரிந்தது. விரும்பத்தக்கதை விட்டவரை விலக்கப்பட்டதைச் செய்தவர்போல் ஏசுதல் கூடாது என்னும் நாகரிகமும் அதனால் வந்தது.

ஆகவே ஆசிரியர்களையும் பெற்றோரையும் நாம் வேண்டுவது இது. பிள்ளை ஓர் இணையைச் சொன்னதும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இவ்விரண்டுக்கும் நடுவே வேறொன்று இருக்கக்கூடுமா? ஒன்று இல்லாத இடத்திலெல்லாம் மற்றது இருந்தே தீருமா? இவ்விரு கேள்விக்கும் விடை தேடும் பிள்ளை, தன்னிலும் வேறுபட்ட அண்டை வீட்டாரைத் தனக்கு எதிரானவர் என்று எளிதில் எண்ண மாட்டாது. மொழிபெயர்ப்பாளர்களும் பத்திரிகையாளர்களும் நோயின் பெயரை எழுதுமுன், அச்சொல் எவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று எண்ணிப் பார்ப்பார்களாக. அன்மையை அன்மை என்றும், இன்மையை இன்மை என்றும், மறுதலையை மறுதலை என்றும் பிரித்தெழுதும் வளம் தமிழில் உண்டு. அவ்வளத்தைப் பேணுதல் புலவர்களின் பொழுதுபோக்கு அன்று. பிறர்க்கு அநீதி இழைக்காதிருக்க விரும்பும் ஒவ்வொருவரின் கடமையும் ஆகும்.